தையல் டீச்சர் கட்டிய செடி

பூகோள ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் உருண்டை சார். உலக உருண்டையைக் கைக்குழந்தை போல இடுப்பில் தாங்கிக்கொண்டு வகுப்புக்கு வருவார் என்பதால் வந்த பெயர். வழுக்கைத் தலையும் அதற்குக் கொஞ்சம் ஒத்துழைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அவர் மனைவி அதே பள்ளியில் தையல் டீச்சர். ஆசிரியர் அறையில் இருவர் மேசையும் எதிரெதிரே கிடந்தன. ஒருநாள் இவர் சட்டையில் பொத்தான் தொங்குவதைப் பார்த்து, "அப்படியே நில்லுங்க, மூச்சு மட்டும் விடுங்க" என்று ஊசியோடு எழுந்து வந்தார் டீச்சர். அது கல்யாணத்தில் போய் நின்றது. பிறந்தது ஒரே மகள்.

வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போட்டபோது வேலையையும் பிரித்துக்கொண்டார்கள். குச்சி சீவுவது அவர்: ஒரு முனை கூராக, மறுமுனை சாய்வாக, சாய்வில் செடியின் பெயர். செடியைக் குச்சியோடு துணிக் கிழிசலால் கட்டுவது டீச்சர். இரண்டு சுற்று சுற்றி, வாலை உள்ளே செருகிவிடுவார். அந்த முடிச்சை அவிழ்க்க முடியாது, வெட்டத்தான் வேண்டும். காலையில் இவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுத் தண்ணீர் ஊற்ற, செடிகளின் சார்பில் சமையலறை ஜன்னலிலிருந்து டீச்சர் "உள்ளேன் ஐயா" என்பார்.

மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் டீச்சர் இறந்துபோனார். அதன்பின் அவர் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. மழை ஓய்ந்து, களை எடுக்கலாம் என்று ஒருநாள் இறங்கியபோதுதான் சுவரோரம் அந்தச் செடியைக் கண்டார். முழங்கால் உயரம். என்ன செடி என்று தெரியவில்லை. இலையைக் கசக்கி முகர்ந்தார். பழகிய வாசனை போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. பிடுங்கக் குனிந்தவர் கையை இழுத்துக்கொண்டார். பக்கத்தில் அவர் சீவிய குச்சி. எழுத்து மழையில் கரைந்திருந்தது. கட்டியிருந்த முடிச்சு டீச்சருடையது.

அப்படியானால் இருவரும் சேர்ந்து நின்று நட்டிருக்கிறார்கள். எப்போது? யார் கொடுத்த செடி? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது அவருக்கு.

மகள் அந்த வாரம்தான் தொலைபேசியில் கண்டித்திருந்தாள். அவர் பால் பாத்திரத்தை அடுப்பில் மறந்து கருக்கிவிட்டிருந்தார். "இன்னொரு தடவை எதையாவது மறந்தீங்கன்னா வீட்டைப் பூட்டிட்டு உங்களை என்னோட கூட்டிட்டுப் போயிடுவேன்ப்பா." ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும் சொல்லியிருந்தாள். வந்தால் தோட்டத்தைச் சுற்றி ஒவ்வொன்றாய்க் கேட்பாள். அது பரீட்சை என்பது இருவருக்குமே தெரியும்.

பக்கத்து வீட்டு முடிதிருத்துபவர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என்ன சார், செடிகிட்ட வாய்தா வாங்கிட்டு இருக்கீங்களா?"

"இது என்ன செடின்னு தெரியுதா?"

"உங்க தலையில முளைச்சிருந்தா சொல்லிடுவேன். அங்கதான் ஒண்ணும் முளைக்க மாட்டேங்குதே."

"பொண்ணு வந்து கேட்டா என்ன சொல்றது?"

"பிடுங்கிப் போட்டுட்டா கேக்காது. இல்லைன்னா வாயில வந்த பேரைச் சொல்லுங்க. அதுக்கு மட்டும் என்ன தெரியப்போகுது?"

இரண்டுமே நல்ல யோசனையாகத்தான் பட்டன. உள்ளே போய்ப் புதுக் குச்சி ஒன்றைச் சீவினார். பேனாவை எடுத்தார். வகுப்பில் வரைபடத்தில் இடம் தெரியாமல் விட்டவனுக்கு அவர் மதிப்பெண்ணைக் குறைத்ததோடு சரி. இல்லாத ஆற்றை வரைந்து வைத்தவனைத்தான் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறார். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மகள் வந்தாள். முதலில் அடுப்பைப் பார்த்தாள், பிறகு தோட்டம். வரிசையாகக் கேட்டு வந்தவள் சுவரோரம் நின்றாள். "இது?"

"தெரியலம்மா."

"எப்ப வெச்சீங்க?"

"அதுவும் தெரியல. குச்சி என்னோடது. கட்டு உங்கம்மாவோடது. ரெண்டு பேரும் சேர்ந்துதான் வெச்சிருக்கோம். அந்த ஒரு நாள் மட்டும் எங்கிட்ட இல்ல."

அவள் செடி அருகே குந்தி உட்கார்ந்தாள். தண்டு பருத்து, துணி அதில் அழுந்திக் கிடந்தது. "இப்படியே விட்டா செத்துடும்ப்பா. கத்தரி எங்க?"

அவர் போய்க் கத்தரியை எடுத்துவந்தார், கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அவளும் கை நீட்டவில்லை. கொஞ்ச நேரம் முடிச்சையே பார்த்தவள், குச்சியை மெல்ல ஆட்டி மேலே உருவினாள். குச்சி வந்துவிட்டது. கட்டு தளர்ந்து, முடிச்சு கலையாமல், தண்டைச் சுற்றி வளையல் போல நின்றது.

"இது எனக்குத் தோணவே இல்லையே" என்றார்.

"அம்மாவுக்கும் தோணியிருக்காது. அவங்க முடிச்சுல அவ்வளவு நம்பிக்கை." மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "பூக்கட்டும்ப்பா. பூத்தா என்னன்னு தெரிஞ்சிடும். அதுவரைக்கும் இங்கயே இருங்க. அப்புறம் பேசிக்கலாம்."

மறுநாள் காலை அவர் பெயர்களைக் கூப்பிட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சுவரோரம் வந்தார். என்னவென்று கூப்பிடுவது? சும்மா ஊற்றினார். பிறகு குனிந்து, இலைகளை விலக்கி, மொட்டு ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. அது நிம்மதியா, வருத்தமா என்று அவருக்கே விளங்கவில்லை.