தாத்தாவைத் தேடிய நோட்டீஸ்

அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டி.டி.பி. கடையில், பிரிண்டரை விட்டு வெளிவந்த தாள் என் கையில் இளஞ்சூடாக இருந்தது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஞாபகம் மங்கிப்போயிருந்த தாத்தா, தீர்த்தமலைக் கோயில் கூட்டத்தில் எங்களை விட்டுப் பிரிந்து இரண்டு நாளாகியிருந்தது.

'காணவில்லை' நோட்டீசுக்காக அப்பா ஒரு முழுப் பக்கம் எழுதி வந்திருந்தார். குலதெய்வத்தின் பெயர், ஊர், உயரம், சட்டை நிறம், தேடுகிற எங்கள் அத்தனை பேரின் பெயர்கள். கம்ப்யூட்டரில் வேலை செய்த மேரி அக்கா அதை நிதானமாகப் படித்துவிட்டு, ஒரு கல்யாணப் போட்டோவிலிருந்து தாத்தாவின் முகத்தை மட்டும் எடுத்துப் பாதித் தாளுக்குப் பெரிதாக்கினார். மேலே 'காணவில்லை', கீழே போன் நம்பர், சுற்றிலும் வெறும் வெள்ளை.

"இவ்ளோ எடம் சும்மா கெடக்குதேம்மா, மத்ததெல்லாம் போட வேணாங்களா?" என்றார் அப்பா. ஒரு சொல் விட்டுப்போனாலும் தாத்தா கிடைக்கமாட்டார் என்று பயந்தார்போலும்.

"பஸ்ல போறவங்க நின்னு படிக்க மாட்டாங்கண்ணா. சுத்தி எடம் வுட்டாத்தான் மொகம் தனியாத் தெரியும். பேரு கேட்டா சொல்லுவாருங்களா?"

"சிரிப்பாருங்க. அவ்ளோதான்."

அக்கா 'பெயர் கேட்டால் சிரிப்பார்' என்று ஒரே ஒரு வரி சேர்த்தார். பிறகு இரண்டு விதமாகவும் அச்சடித்துக் கடைக் கதவில் ஒட்டிவிட்டு, என்னைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் கூட்டிப்போனார். அப்பா எழுதியது எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது. மற்றதிலிருந்து தாத்தா நேராக என்னைப் பார்த்தார்.

"நம்பருதான் மூணா எட்டான்னு தெரியலக்கா" என்றேன். உடனே வளைவு நெளிவான எண்களை மாற்றித் தடித்த, எளிய எண்களாகப் போட்டார். அப்பா எதிர்ப்பக்கம் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

"இதையே அடிங்கம்மா."

அன்றே அதை அரூர்–பொம்மிடி பஸ்களிலும் வழிநெடுகச் சுவர்களிலும் ஒட்டினோம். மறுநாள் மத்தியானம் பொம்மிடி ரயில் நிலையத்திலிருந்து ஒரு டீக்கடைக்காரர் போன் செய்தார். "பஸ்ல ஒட்டியிருந்ததப் பாத்தேங்க. இங்கதான் பெஞ்சுல குந்தியிருக்காரு, பேரு கேட்டா சிரிக்கறாருங்க."

அதன்பின் தாத்தா நான்கு வருடம் எங்களோடு இருந்தார். இன்று அந்தக் கடையில் செல்போன் விற்கிறார்கள். மேரி அக்கா கல்யாணமாகி ஓசூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. புத்தகப் பக்கங்களை வடிவமைப்பதே என் பிழைப்பாகிவிட்ட பிறகும், அதைப்போல் தெளிவான ஒரு பக்கத்தை நான் செய்ததில்லை. காட்டுவதற்கும் ஒரு பிரதி இல்லை. தாத்தா கிடைத்த மறுநாளே அப்பா அரூரிலிருந்து பொம்மிடி வரை போய், "வூடு வந்து சேந்தவர இன்னும் காணோம்னு சொல்லிட்டிருக்கக் கூடாது" என்று ஒன்று விடாமல் கிழித்துவிட்டு வந்தார்.