வெயில் ஊரில் பிடித்த ஐஸ்

கிரிவலப் பாதையில் ஒரு ஜூஸ் கடை. என்னைக் கண்டதும் கடைக்காரர், "ஐஸ் அண்ணே, ஐஸ் ஜாஸ்தியா, கம்மியா?" என்பார். முதல் ஐஸ் என் பட்டப்பெயர். போன பௌர்ணமிக்கும் அப்படித்தான் கேட்டார். பக்கத்தில் செல்வம் நின்றிருந்தான். இன்று பெரிய விமானங்கள் ஓட்டுகிறவன். ஒரு காலத்தில் ஃபிளையிங் கிளப்பில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். தம்ளரின் வெளிப்புறம் நீர் முத்து முத்தாகப் பூத்திருந்தது. என் பிழைப்பைக் கெடுத்ததும் காற்றிலிருக்கும் இந்த ஈரம்தான்.

நம் ஊர்க் காற்றில் ஐஸா என்று நீங்களும் கேட்பீர்கள். கேளுங்கள், பழகிவிட்டது. ஊசி போடுமுன் நர்ஸ் ஸ்பிரிட் தடவினால் கை ஜில்லிடுகிறதல்லவா? சின்ன விமானத்தின் என்ஜினில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போதும் அப்படித்தான். காற்றின் ஈரம் அங்கேயே உறைந்து என்ஜினின் தொண்டையை அடைத்துவிடும். அது நடக்காமலிருக்க, இறங்கத் தொடங்கும்போதே சூடான காற்றை உள்ளே விட ஒரு பிடி உண்டு. நாங்கள் அதைத் தொட்டால் பயிற்சியாளர் கையில் ஸ்கேலால் போடுவார். "அதெல்லாம் குளிர் தேசத்துக்காரனுக்குடா. இந்த வெயில்ல எங்க ஐஸ் புடிக்கப் போவுது? பவர்தான் கம்மியாவும்." அவர்மேல் வைத்த பக்தியை அண்ணாமலையார்மேல் வைத்திருந்தால் எனக்கு மோட்சமே கிடைத்திருக்கும்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை. தனியாகப் பறந்துகொண்டிருந்தேன். மலை தெரிந்தது, ஊர்க்காரன் இல்லையா, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் உயரத்தைக் குறைக்க என்ஜினைத் தணித்தேன். அது இருமியது. பிறகு வேகத்தைக் கூட்டினாலும் கேட்கவில்லை. பயத்தில் அந்தப் பிடியை இழுத்தபோது காலம் கடந்திருந்தது. செத்தோம் என்றுதான் நினைத்தேன். வேர்க்கடலை பிடுங்கிய நிலம் ஒன்று கண்ணில் பட, அதில் இறக்கினேன். ஓடிவந்த பெரியவர், "பெட்ரோல் தீந்துடுச்சாப்பா?" என்றார்.

விமானத்தில் ஒரு கீறல் இல்லை. அதுதான் எனக்கு வினை. மெக்கானிக் வருவதற்குள் வெயில் ஏறி, ஐஸ் உருகி, உலர்ந்தும் போயிருந்தது. துரோகி என்ஜின் முதல் சுற்றிலேயே கிளம்பியது. விசாரணையில் பயிற்சியாளர், "ஹீட் பிடியை இழுன்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் படிச்சுப் படிச்சு சொல்றேங்க. இவன் பயந்து இறக்கிட்டு ஐஸுன்னு கதை விடறான்" என்றார். ஐஸ் பிடித்திருந்தால் என் தப்பு, பிடிக்கவில்லை என்றால் என் பொய். நான் செல்வத்தைப் பார்த்தேன். அவன் தன் ஷூவைப் பார்த்தான். என்னைக் கிளப்பிலிருந்து நீக்கினார்கள். பைலட் ஆகும் ஆசை அன்றோடு முடிந்தது. பெயர் மட்டும் எனக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்திருந்தது.

ஜூஸ் குடித்துவிட்டு நடந்தோம். அடி அண்ணாமலை தாண்டிக் கூட்டம் குறைந்த இடத்தில் செல்வம் மெதுவாகச் சொன்னான்.

"சார் அதைத் தொடாதன்னுதான்டா சொன்னாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"என்னையும் தூக்கியிருப்பாங்கடா."

பயிற்சியாளர் செத்துப்போனார். கிளப்பை மூடிவிட்டார்கள், ஓடுதளத்தில் முள் மண்டிக் கிடக்கிறது. விசாரித்தவர்களில் யாரும் இல்லை. இப்போது வரும் பயிற்சி விமானங்கள் பலவற்றில் கார்புரேட்டரே கிடையாதாம், செல்வம்தான் சொன்னான். கேட்க ஆளில்லை என்று உறுதியான பிறகே அவனுக்கு வாய் திறந்திருக்கிறது. பாரம் இறங்கியவனாக, மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.