கைக்கு வராத சாவி

"டிரைவரம்மாவை வேலையை விட்டுத் துரத்திட்டாங்களாமே?" என்று எங்கள் தெருவே பேசுகிறது. நாக்கு கூசாதா இவர்களுக்கு? அவளை யாரும் துரத்தவில்லை. ஆண்கள் எழுதிய அதே தேர்வை எழுதித்தான் அரசு ஆபீசில் டிரைவராகச் சேர்ந்தாள். ஆனால் வண்டியைத் துடைக்க விட்டார்களே தவிர, சாவியைத் தரவில்லை. "பொம்பளை ஓட்டுற வண்டியில நான் உட்கார்றதா?" என்றார் அதிகாரி.

புகார் கொடுத்தாள். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போனால், விசாரிக்கிற நாற்காலியில் அதே அதிகாரி!

"யார் மேலம்மா புகார்?"

"உங்க மேலதான் சார்."

"விசாரிச்சாச்சு. என் மேல தப்பு இல்லை. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

நாளைக்கு உலை வைக்க வேண்டும்தான். ஆனாலும் துடைக்கிற துணியை அவர் மேசைமேல் வைத்தாள்.

"இனிமே நீங்க அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்."

தானாகத்தான் வாசலைத் தாண்டி நடந்தாள்.