பால் வந்தால் ஓடாதவன்

லாயாங் லாயாங் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி; கணக்கெழுதி, வேலையாட்களைக் கண்காணிப்பவன். பந்தாட்டத்துக்கு ஆள் பொறுக்குவதும் நான்தான். எங்கள் நடு ஆட்டக்காரன் பால்மரம் வெட்டுகிறவன், ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் தொழிலாளி. இருபது வயது இருக்கும். ஒல்லி, முழங்கால் வரை காய்ந்த ரப்பர் பாலின் கறை. பந்து காலுக்கு வந்ததும் நின்று, தலை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பான். கொடுத்தால் தப்பாது. ஆனால் ஒரு வருடமாகியும் வேகம் வரவில்லை.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சொல்வதைப் பார்த்து நாங்களும் பந்தைப் 'பால்' என்றுதான் சொல்வோம். கூலாய் ஊர்க்காரர்களோடு ஆட்டம் தொடங்குமுன் எல்லார் எதிரிலும் கேட்டேன். "ஏண்டா, பால் வந்தா ஓட மாட்டியா?"

"பாலோட ஓடாதன்னு நீங்கதானேங்க காலைல ஏசுனீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவனை வெளியே உட்கார வைத்தேன்.

வாளியோடு ஓடிப் பாலைச் சிந்துகிறவர்களைக் காலையில் ஏசுவது என் வேலை. ஓடாதே என்று அடக்கியதும் நான். வேகம் இல்லை என்று தள்ளியதும் நான்.

மறுநாள் பால் நிறுக்கும் கொட்டகைக்கு இரண்டு வாளிகளையும் சிந்தாமல் கொண்டுவந்து இறக்கினான்.

"இந்த நடை சரிங்களா, ஐயா?"

கிண்டலோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கிண்டலாக இருந்திருக்கக் கூடாதா என்று இன்றும் நினைக்கிறேன்.