மேற்குக் கண்ணில் ஒரு பொட்டு

எங்கள் மேலகரம் வீட்டு மொட்டை மாடியில் நிற்கும் சோலார் தகடு, வானத்தைப் பார்த்துச் சும்மா மல்லாந்து கிடக்கும் ரகம் இல்லை. சூரியன் போகிற பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்பும். பழைய டிஷ் ஆன்டெனாவின் மோட்டாரை வைத்து நானே செய்தது. தகட்டின் உச்சியில் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என வெளிச்சம் அறியும் இரண்டு கண்கள். எந்தக் கண்ணுக்கு வெயில் கூடுதலோ, அந்தப் பக்கம் மோட்டார் தகட்டைச் சாய்க்கும். அவ்வளவுதான் சூட்சுமம்.

பார்த்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். என் மனைவியின் அண்ணன் மட்டும் பார்க்காமலே சிரித்தார். போலீசில் இருந்து ஓய்வு பெற்றுச் சுரண்டையில் இருக்கிறார். எதையும் எளிதில் நம்பமாட்டார். தகடாவது திரும்புவதாவது, காற்றில் ஆடியிருக்கும் என்று ஒரு கல்யாணப் பந்தியில் அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டார். எனக்குப் பாயசம் கசந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பாருங்கள் என்றேன். அன்றைக்குத் தகடு காலை வாரினால், இனி எந்தப் பந்தியிலும் நான் தலை நிமிர்ந்து உட்கார முடியாது.

ஞாயிறு காலை தகடு சொன்ன பேச்சு கேட்டது. அதே மாடியில் மனைவி வேட்டி விரித்துக் கூழ்வத்தல் பிழிந்துகொண்டிருந்தாள். ஆனி பிறந்து சாரல் கட்டிவிட்டால் எங்கள் பக்கம் கைக்குட்டைகூடக் காயாது. அதற்குள் வருஷத்துக்கான வத்தல் எங்கள் டின்னிலும் அவள் அண்ணன் வீட்டு டின்னிலும் ஏறியாக வேண்டும். மத்தியானத்துக்கு மேல் தகட்டு நிழல் பாதி வேட்டியை மூடுகிறது, தள்ளி வையுங்கள் என்றாள். கான்கிரீட்டில் பதித்ததை எங்கே தள்ளுவது? வேட்டியைத் தள்ளு என்றேன். முறைத்தாள்.

மச்சான் வந்தார், சாப்பிட்டார், ஏப்பம் விட்டார். மாடிக்குக் கூட்டிப்போனேன். வெயில் மேற்கே மலைப்பக்கம் சரிந்திருந்தது. தகடோ முழுக்கக் கிழக்கே பார்த்து நின்றது.

"மாப்ள, சூரியன் குத்தாலத்துக்குக் குளிக்கப் போயாச்சு," என்றார் மச்சான். "உங்க தகடு இன்னும் சுரண்டை பஸ்ஸுக்குல்லா காத்துக்கிட்டு நிக்கு."

சுவிட்சைத் தட்டினேன், வயரை ஆட்டினேன். அசையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. மனைவி மட்டும் வேட்டி ஓரத்தில் கல் வைக்கிற சாக்கில் குனிந்தவள் நிமிரவே இல்லை. அப்போதுதான் தரையைக் கவனித்தேன். கிழக்கே சாய்ந்த தகட்டின் விளிம்பு சூரியனுக்கு நேராக இருந்ததால், நிழல் ஒரு கோடாகச் சுருங்கியிருந்தது. வேட்டி முழுக்க நல்ல வெயில்.

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். மேற்குக் கண்ணின் மேல் அரக்கு நிற ஸ்டிக்கர் பொட்டு ஒன்று, லட்சணமாக ஒட்டியிருந்தது.

உரித்தேன். மோட்டார் முனகியது. தகடு மெதுவாக நிமிர்ந்து, உச்சியைத் தாண்டி, மேற்கே சாய்ந்து, சூரியனுக்கு முகம் காட்டி நின்றது. மச்சான் திறந்த வாயை மூடவில்லை. எனக்கு ஸ்டூலில் இருந்து இறங்கவே மனம் வரவில்லை.

அதற்குள் நிழல் விரிந்து பாதி வேட்டியை மூடிவிட்டது. மனைவி நிமிர்ந்தாள்.

"அண்ணே, இந்த வருஷம் உங்க டின்னு காலிதான்," என்றாள்.

மச்சான் வத்தலைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார்.

"மாப்ள, நம்பிட்டேன். எந்தப் பந்தியில வேணும்னாலும் சொல்லுதேன். இப்ப அந்தப் பொட்டை எடுத்த இடத்துலயே ஒட்டிருங்க."

பொட்டில் பசை இன்னும் மிச்சம் இருந்தது. நானே ஒட்டினேன்.