மரத்தடியில் பொறுக்கிய கன்றுகள்

விவசாய இலாகா நடத்திய பயிற்சியில் ஐந்தாவது நாள் காலை, என் மகள் வயதிருக்கும் ஒரு மலாய்ப் பெண் அதிகாரி பாமாயில் எடுக்கும் மூன்று செம்பனைப் பழங்களைக் குறுக்கே அறுத்து, ஒரு தட்டில் வைத்துச் சுற்றுக்கு விட்டார். அந்தத் தட்டு என் கைக்கு வரும்வரை நான் என்னை நல்ல விவசாயி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்தவர் கைக்கு அது போனபோது எனக்கு உடம்பெல்லாம் வியர்த்திருந்தது.

அதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபது வருடம் கிராணியாக இருந்தேன். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களின் பேர் வாசிப்பது, யார் எத்தனை குலை வெட்டினார்கள் என்று எழுதுவது, துரைக்கு அறிக்கை தட்டச்சு செய்வது, இவைதான் வேலை. என் அப்பா கிராணி, மாமனார் ரயில்வே உத்தியோகம். எங்கள் ஆட்களில் மண்ணைக் கையால் தொட்டவர் யாரும் கிடையாது. நாற்பத்து மூன்று வயதில், எண்பதுகளின் தொடக்கத்தில், வேலையை விட்டுவிட்டு அசாம் ஜாவாவில் மூன்று ஏக்கர் பழைய தென்னந்தோப்பை வாங்கிச் செம்பனை போடப்போகிறேன் என்று நான் சொன்னதும் வீட்டில் பூகம்பம்தான்.

"உங்களுக்கு விசர் பிடிச்சுப் போச்சே?" என்றாள் மனைவி. "கையில ஊத்தை படாத உத்தியோகம். அதை விட்டிட்டு மண் கொத்தப் போறியளோ?"

இருபது வருடமாக மற்றவனுடைய மரத்தைத்தானே எழுதிக்கொண்டிருக்கிறேன், இனி எனக்கென்று நாலு மரம் வேண்டாமா என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் தொழிலாளர் லயத்து முனைவரை கேட்கும். அன்றும் கேட்டிருக்கும்.

கன்றுகளுக்கு நான் நர்சரிக்குப் போகவில்லை. எதற்குப் போக வேண்டும்? தோட்டத்தில் பெரிய மரங்களின் அடியில் உதிர்ந்த பழங்கள் முளைத்து நூற்றுக்கணக்கில் கிடந்தன. அந்த மரங்கள் எப்படிக் காய்த்தன என்பது எனக்குத் தெரியாதா? நான்தானே எழுதியவன். நல்ல மரத்தின் கீழ் முளைத்தது நல்ல கன்று. இதிலென்ன பெரிய சாஸ்திரம் இருக்கிறது? வேலையை விடுவதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே அவற்றைப் பார்த்துப் பார்த்துப் பிடுங்கி, குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கறுப்பு பிளாஸ்டிக் பைகளில் வளர்த்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கன்று மீந்துபோனது. தோட்டத்தில் குலை வெட்டும் ஆள் ஒருவன் இருந்தான், என்னைவிட நாலைந்து வயது இளையவன். அவனும் அதே சமயம் வேலையை விட்டுவிட்டு, கெர்லிங் பக்கம் மாமனார் கொடுத்த நிலத்துக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். கடைசி நாள் பெரட்டில், எல்லாரும் நிற்கும்போது அவனைக் கூப்பிட்டு, நூற்றைம்பது கன்று எடுத்துக்கொண்டு போ என்றேன். அவன் கைகூப்பினான். தோட்டத்து லோரியையே ஏற்பாடு செய்து கொடுத்தேன். இதுவரை எந்தக் கிராணியும் ஒரு வெட்டு ஆளுக்கு இப்படிச் செய்ததில்லை என்று அன்று முழுதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

மூன்று வருடம் போனது. என் மரங்கள் வளர்ந்தன. கை காய்த்தது, இடுப்பு பிடித்தது, ஆனாலும் நான் சந்தோஷமாக இருந்தேன். அதில் பொய்யில்லை. சில மரங்கள் மற்றவற்றைவிடத் தலை உயர்ந்து, ஓலை அடர்ந்து, பார்க்கவே கண் நிறைந்தது. யார் வந்தாலும் நேரே அவற்றின் அடியில் கொண்டுபோய் நிறுத்துவேன். ஒரே ஒரு குறை, அவற்றின் குலைகள் பழுக்காமலே கறுத்து அழுகின. உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் போட்டேன். அப்புறம்தான் இரண்டு வாரப் பயிற்சி ஒன்று இருக்கிறது, தங்கிப் படிக்கலாம் என்று கேள்விப்பட்டு, உர விஷயத்தைக் கேட்டுவிடுவோம் என்று போனேன். இருபத்தைந்து பேரில் நான் ஒருவன்தான் தமிழன், நான் ஒருவன்தான் ஷூ போட்டிருந்தேன்.

தட்டில் இருந்த முதல் பழத்தில் பருப்பைச் சுற்றித் தடித்த ஓடு, மேலே கொஞ்சம் சதை. இரண்டாவதில் மெல்லிய ஓடு, நிறையச் சதை. மூன்றாவதில் ஓடே இல்லை. அந்தப் பெண் நிதானமாக விளக்கினார். தடித்த ஓட்டு மரத்தைத் தாயாகவும் ஓடில்லாத மரத்தைத் தகப்பனாகவும் வைத்துக் கலப்புச் செய்த விதையில்தான் நடுவில் உள்ள பழம் வரும், எண்ணெய் அதில்தான் அதிகம், தோட்டங்களில் போட்டிருப்பது அதுதான். அந்த மரத்திலிருந்து உதிர்ந்ததை நட்டால் அதே மரம் வராது. நாலில் ஒன்று தடித்த ஓட்டுக்குப் போகும். நாலில் ஒன்று ஓடில்லாததற்குப் போகும். மீதிப் பாதியும் பழைய மரம் போலக் காய்க்கும் என்று சொல்ல முடியாது.

"ஓடில்லாத மரத்தை நீங்கள் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம்" என்றார். "மற்ற மரங்களைவிட உயரமாக, அழகாக வளரும். பூ வரும். குலை பழுக்காமல் அழுகிவிடும்."

எழுந்து நின்றுவிட்டேன் போலிருக்கிறது. "என்ன, பாக்சிக்?" என்று மாமாவை அழைப்பதுபோல் கேட்டார். மரத்தடியில் கன்று எடுத்து நட்டால் என்ன செய்வது என்று மலாயில் கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. அவர் முகத்தில் கேலி இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

"வெட்டிவிட்டு மறுபடி நட வேண்டும், பாக்சிக். வேறு வழியில்லை."

மூன்று வருடம். நூற்றெண்பது மரம். நான் ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்த மரங்கள் மலட்டு மரங்கள். இருபது வருடம் குலை எண்ணியவனுக்கு ஒரு பழத்தை அறுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. பயிற்சி முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அன்று மாலையே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மனைவி இடிந்துபோவாள், பிறகு வாய்க்கு வந்தபடி ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்த வெட்டுற மனிசனுக்கும் இதைத்தானே குடுத்தனீங்கள்?"

பஸ்ஸில் வந்த இரண்டு மணி நேரமும் நான் என் மரங்களை மட்டுமே நினைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அவன் என் ஞாபகத்துக்கே வரவில்லை. எனக்கு மகன் சம்பாதிக்கிறான், மூன்று ஏக்கர் போனாலும் சோற்றுக்குப் பஞ்சமில்லை. அவனுக்கு மூன்று பெண் பிள்ளைகள், அந்த நிலத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது. கிராணி கொடுத்தது என்று நம்பி நட்டிருப்பான். மூன்று வருடம் பாடுபட்டு, அழுகிய குலைகளைப் பார்த்துத் தன் கைராசியை நொந்துகொண்டிருப்பான்.

"போய்ச் சொல்லுங்கோ" என்றாள் மனைவி. "இன்னும் ஒரு வருசம் அவனை உரம் போட வைக்காதேங்கோ."

ஞாயிற்றுக்கிழமை காலை மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். கோலகுபுபாரு தாண்டிக் கெர்லிங் போய்ச் சேரும்வரை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். புதுக் கன்று நான் வாங்கித் தருகிறேன் என்று சொல்ல வேண்டும், மன்னிப்பும் கேட்க வேண்டும். ஒரு வெட்டு ஆளிடம் மன்னிப்புக் கேட்பதற்கு என் வாயில் வார்த்தையே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

விசாரித்து நிலத்தைக் கண்டுபிடித்தேன். அவன் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தான். "ஐயா! கிராணி ஐயாவா! சொல்லியனுப்பக் கூடாதா?" என்று பதறி, வீட்டிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து மரநிழலில் போட்டான். நான் உட்காரவில்லை. அவன் தலைக்கு மேலே தெரிந்த மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் ஒரே உயரம். எல்லாவற்றிலும் குலை. கறுப்பும் சிவப்புமாகப் பளபளவென்று, ஓலைக்கு இடையில் இடமில்லாமல் நெருங்கிக் கிடந்தன. ஒரு பழத்தை எடுத்து அறு என்றேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் அவன் அறுத்தான். மெல்லிய ஓடு.

"இது நான் குடுத்த கன்றா?"

அவன் கத்தியை வேட்டியில் துடைத்தான். துடைத்த கத்தியை மறுபடி துடைத்தான்.

"கோவிச்சிக்காதீங்கையா. அந்தக் கன்ன ஆத்தோரமா எறக்கி வச்சேன். ரெண்டு நாள்ல காட்டுப்பன்னி வந்து தின்னுருச்சி. இது நர்சரியில வாங்குனதுலா."

பன்றி தின்றதா, பன்றி தின்னட்டும் என்று வைத்தானா என்று நான் கேட்கவில்லை. அவன் பிழைத்தான் என்ற நிம்மதி ஒரு கணம்தான் நின்றது. உடனே என் பழைய கோபம் எழுந்தது.

"உனக்குத் தெரியுமா? கீழ விழுந்ததை நடக்கூடாதெண்டு உனக்கு முந்தியே தெரியுமா?"

"லயத்துல எல்லாருக்கும் தெரியுங்கையா. வாய்க்கா ஓரத்துல தானா மொளச்ச மரம் இருந்துச்சில்ல? அது பழத்த வெட்டுனா வெறும் கொட்டதான். சில மரம் காய்க்கவே காய்க்காது. வெட்டுறவங்களுக்குத் தெரியாதா?"

"பிறகு ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். அதில் கோபமோ குத்தலோ கொஞ்சமும் இல்லை.

"சொன்னேனே ஐயா. நீங்க பையில மண்ணு ரொப்பிக்கிட்டு இருந்தீங்க. நான் வந்து, 'ஐயா, இது கொட்டையாப் போயிரும், நர்சரியில கேளுங்க'ன்னு சொன்னேன். நீங்க, 'சரி சரி, நாளைக்கு நேரத்தோட பெரட்டுக்கு வா'ன்னீங்க."

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. நான் பைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அவன் வந்து வேலி ஓரத்தில் நின்றதும் ஞாபகம் இருக்கிறது. எவ்வளவு யோசித்துப் பார்த்தும் அவன் பேசியது மட்டும் ஞாபகத்தில் இல்லை. அவன் பொய் சொல்கிறவன் அல்ல.