ஒரு ஊர் ஏழு ஊரான கணக்கு

ஜவ்வாது மலை விவசாயக் குழு ஒன்றில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரு ஊரை ஏழு ஊர் என்று எண்ணி விதை வண்டியை மலைக்கு அனுப்பினேன்.

அதற்கு முன் லாரி க்ளீனர். பிறகு பெங்களூரில் பார்சல் குடோன். பிறகு ஒரு ஆபீசில் டீ வாங்கும் வேலை. படிப்பு ஒன்பதாவது. அந்த ஆபீசில் ஒருவர் 'ஜே' என்ற மொழியில் ப்ரோகிராம் எழுதுவார். ஒரே வரியில் முழு அட்டவணையையும் கூட்டிவிடும். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

குழுவின் ஆபீஸ் மலையடிவாரத்தில், ஒடுகத்தூரில். சாமை, கேழ்வரகு என்று ஏழு விதைகளில் எத்தனை மூட்டை வேண்டும் என மலை ஊர்கள் போனில் அனுப்பும். ஒரு ஊருக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஏழு எண்கள். ஐந்து ஊராவது கேட்டால்தான் டெம்போ மலை ஏறும். இல்லாவிட்டால் அடுத்த வாரம். ஊர்களை எண்ண # குறியைப் போட்டிருந்தேன். அட்டவணையைக் கொடுத்தால் அது வரிசைகளை எண்ணும். இரண்டு வாரம் சரியாகவே எண்ணியது.

அன்று மழை பெய்து மூன்றாம் நாள். ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டும். மலையில் சிக்னல் போய்விட்டதால் ஒரே ஒரு ஊரின் தகவல்தான் வந்திருந்தது. அது எனக்குத் தெரியாது. திரையில் 7 என்று வந்தது.

மேனேஜர் அருள் சார் பார்த்தார். "ஏழு ஊரு. ஏத்துங்கப்பா."

டிரைவர் பாஷா மூட்டைச் சீட்டைப் பார்த்தார். "இன்னா சார், ஏழு ஊருக்கு பதினோரு மூட்டையா? கோழிக்கா போடப் போறாங்க?"

"கம்ப்யூட்டரே சொல்லுதில்ல? கெளம்புய்யா."

எனக்கு ஒரே இடத்தில் உட்கார வராது. நானும் ஏறிக்கொண்டேன்.

சீட்டில் ஒரு ஊரின் பெயர்தான் இருந்தது; மற்ற பெயர்கள் அடுத்த தாளில் இருக்கும் என்று நினைத்திருந்தோம். அந்த ஊரில் விதை கேட்டிருந்த வள்ளியக்காவும் மற்றவர்களும் பதினோரு மூட்டையையும் இறக்கிக்கொண்டார்கள். வண்டி காலி.

"மீதி ஆறு ஊரு எங்கப்பா?" என்றார் பாஷா.

இறக்கிய மூட்டைமேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தேன். $ குறி போட்டால் வடிவம் தெரியும். ஒரு ஊர் என்றால் '1 7' வர வேண்டும்: ஒரு வரிசை, ஏழு நெடுவரிசை. வந்தது வெறும் '7'. ஒற்றை வரிசை வந்ததும் என் ப்ரோகிராம் அதை அட்டவணையாக வைக்காமல், ஏழு எண்கள் கொண்ட பட்டியலாகப் படித்துவிட்டது. பட்டியலைக் கொடுத்தால் # அதிலுள்ள எண்களை எண்ணும்.

"ஏழு ஊரும் இதுதான் பாய்" என்றேன்.

"எங்களுது ஒரு ஊருதாம்பா" என்றார் வள்ளியக்கா. "நாளைக்கி வந்திருந்தீங்கன்னா ஈரம் போயிருக்கும். இன்னிக்கே வெதச்சிடறோம்."

ஆபீசுக்குத் திரும்பி அருள் சாரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"சர்டிபிகேட் இல்லாதவன வெச்சா இப்டிதான். நாளைக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா லாரிக்கே போய்டு."

ஒரு வரிசை வந்தாலும் அட்டவணையாகவே வைக்கும்படி மாற்றினேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் $, பிறகு #. ஒரே ஒரு வரிசையை மட்டும் கொடுத்தும் ஓட்டிப் பாருங்கள்.

அடுத்த மழைக்கும் ஒரே ஊர்தான் கேட்டது, வேறு ஊர். திரை 1 என்றது. சரியான விடைதான்; ஆனால் ஐந்து ஊர் ஆகாததால் டெம்போ ஏறாது. அருள் சார் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மலைமேல ஈரம் எத்தினி நாளு தாங்கும்?"

"நாளைக்கி வரைக்கும் சார்."

"அந்தப் பழைய ப்ரோகிராம் இருக்குதா?"

அழிக்கவில்லை. ஓட்டினேன். 7 வந்தது. பாஷா வண்டியை எடுத்தார்.